இருண்ட மாதங்களுக்கு முன்கூட்டியே தயாராவது எப்படி? குளிர்காலம் பிடிக்காதவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குளிர்காலம் பிடிக்காது என்று சொல்பவர்கள் பலருக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. கனமான மேலங்கியும் தண்ணீர் புகாத காலணியும் இருந்தால் குளிரைச் சமாளித்துவிடலாம். ஆளைக் கவிழ்ப்பது இருட்டு. வேலைக்குக் கிளம்பும்போதும் இருட்டு, வீடு திரும்பும்போதும் இருட்டு. இடையில் வந்துபோன பகலை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்போம். இதைவிட மோசமானது, இருட்டு வருவதற்கு முன்பே வந்துவிடும் கலக்கம். ஆகஸ்ட் இறுதியில் ஒரு மாலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் விளக்கைப் போட வேண்டியிருக்கும். அன்றிலிருந்தே மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். கோடையின் கடைசி வாரங்களையும் அந்தக் கணக்கு தின்றுவிடுகிறது.

குளிர்காலத்தை நேசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மெழுகுவத்தியும் கம்பளிப் போர்வையுமாகப் படம் போட்டு அறிவுரை சொல்லும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு அவற்றைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. பிடிக்காத ஒன்றைப் பிடித்தே ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஓரளவு தெளிந்த மனதோடு அந்த மாதங்களைக் கடந்தால் போதாதா? இந்த வழிகாட்டியின் நோக்கம் அவ்வளவுதான். இது மனவுறுதி சார்ந்த பிரச்சினை இல்லை, பெரும்பகுதி வெளிச்சம் சார்ந்த பிரச்சினை. வெளிச்சத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள முடியும். ஆனால் அந்த ஏற்பாட்டைச் செப்டம்பரிலேயே செய்துவிட வேண்டும். நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அப்போது எதையும் ஏற்பாடு செய்யும் தெம்பே இருக்காது.

கீழே வரும் மாதங்கள் வட அரைக்கோளத்துக்கு உரியவை. தெற்கே வாழ்பவர்கள் ஆறு மாதம் தள்ளிப் படித்துக்கொள்ளவும். அங்கே ஜூன்தான் இருண்ட மாதம்.

படி 1: எது பிடிக்கவில்லை என்று பிரித்தெழுதுங்கள்

"குளிர்காலம் பிடிக்காது" என்பது ஒரு மூட்டை. அதைப் பிரித்துப் பார்க்காமல் மருந்து தேட முடியாது. ஒரு தாளில், சென்ற குளிர்காலத்தில் எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எது வதைத்தது என்று எழுதுங்கள். காலையில் எழ முடியாததா? நான்கு மணிக்கே இரவாகிவிட்டதா? ஈரமும் சேறுமா? யாரையும் பார்க்காமல் வாரக்கணக்கில் கிடந்ததா? வழுக்கி விழும் பயமா? வெப்பமூட்டும் செலவா? பண்டிகை நாட்களில் தனியாக இருந்ததா?

எழுதிப் பார்த்தால் இரண்டு மூன்று காரணங்கள்தான் தேறும். அவற்றில் சிலவற்றுக்கும் பருவத்துக்கும் தொடர்பே இருக்காது. பிடிக்காத வேலையைக் கோடை வெயில் மறைத்து வைத்திருக்கும். இருட்டியதும் அது பல்லைக் காட்டும். அதற்கு எந்த விளக்கும் உதவாது. தனிமைதான் முதல் காரணம் என்று தெரிந்தால் நேராகப் படி 8-க்குப் போகலாம். காலையில் எழ முடியாமையும் பகலெல்லாம் மந்தமும்தான் என்றால், அடுத்த நான்கு படிகள் உங்களுக்கானவை.

படி 2: உங்கள் ஊரின் சூரியக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

முடிவில்லாத இருட்டு என்று மனம் சொல்லும். அதன் முடிவு எண்களில் இருக்கிறது. லண்டனில் ஜூனில் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும் பகல், டிசம்பர் 21-ஐ ஒட்டி 8 மணி நேரத்துக்கும் கீழே இறங்குகிறது. டொரன்டோவில் அந்தக் குறுகிய பகல் ஏறக்குறைய 9 மணி நேரம். ஆஸ்லோவில் 6 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நார்வேயின் வடக்கிலுள்ள ட்ரொம்சோவில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. பூமத்திய ரேகைக்கு அருகே வளர்ந்தவர்களுக்கு ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அப்படிப்பட்டவர் வடக்கே குடியேறி முதல் சில குளிர்காலங்களில் திணறினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பகல் மிக வேகமாகச் சுருங்குவது டிசம்பரில் அல்ல, செப்டம்பர் இறுதியில். லண்டனில் அப்போது நாளொன்றுக்குச் சுமார் 4 நிமிடம் குறைகிறது. வாரத்துக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். வடக்கே போகப் போக இந்த வேகம் கூடும். எதையோ யாரோ பறித்துக்கொண்டு போவது போன்ற அந்த இலையுதிர்காலப் பதற்றத்துக்கு இதுவே காரணம். டிசம்பர் 21 வாக்கில் மாற்றம் நின்றே போய்விடுகிறது.

இன்னொன்று: மிகச் சீக்கிரமான சூரிய மறைவு, மிகக் குறுகிய பகலன்று நிகழ்வதில்லை. பூமியின் அச்சுச் சாய்வும் அதன் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து, டிசம்பரில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நாளுக்கு நாள் இருபது முப்பது நொடிகள் தாமதமாகிறது. அதனால் லண்டனில் மாலை மிகச் சீக்கிரம் இருட்டுவது டிசம்பர் 12 வாக்கில். காலை மிகத் தாமதமாக விடிவது புத்தாண்டை ஒட்டி. மாலை இருட்டுதான் உங்கள் எதிரி என்றால், கிறிஸ்துமஸுக்கு முன்பே நிலைமை திரும்பத் தொடங்கிவிட்டது. காலை இருட்டுதான் எதிரி என்றால் ஜனவரி முதல் வாரம்வரை தளர்ந்துவிடக் கூடாது. உங்கள் ஊருக்கான இந்த மூன்று தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். பஸ் எப்போது வரும் என்று தெரிந்து காத்திருப்பதும், தெரியாமல் காத்திருப்பதும் ஒன்றல்ல.

உடலுக்குள் என்ன நடக்கிறது

படிகளை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் காரணம் பேசலாம். காரணம் புரியாமல் செய்யும் எதையும் மூன்றாம் நாள் விட்டுவிடுவோம்.

கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர வேறொரு வகையும் உண்டு. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட இந்தச் செல்கள், வெளியே பகலா இரவா என்று மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. உடல் கடிகாரம் அதை வைத்துத்தான் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. மனிதர்களின் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவது. தினமும் காலை வெளிச்சம் அதைப் பின்னாலிருந்து தள்ளிச் சரியான நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் தள்ளல் கிடைக்காவிட்டால் கடிகாரம் பின்தங்கிவிடும். அலாரம் ஏழு மணி என்று அலறும். உடலோ இன்னும் நள்ளிரவு என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

1980-இல் ஆல்ஃப்ரெட் லூயியும் அவருடைய சக ஆய்வாளர்களும், இரவில் சுரக்கும் ஹார்மோனான மெலட்டோனினின் சுரப்பை வலுவான வெளிச்சம் மனிதர்களில் அடக்குகிறது என்று காட்டினார்கள். 1984-இல் நார்மன் ரோசன்தாலின் குழு பருவகால மனச்சோர்வை ஒரு நோய்நிலையாக முதன்முதலில் விவரித்தது. ரோசன்தால் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். அமெரிக்காவின் வடகிழக்குக்குக் குடிபெயர்ந்த பிறகு, குளிர்காலத்தில் தன் சுறுசுறுப்பு வடிந்துபோவதைத் தானே கவனித்தவர். வெயிலில் வளர்ந்த ஒருவர்தான் இதைக் கண்டுகொள்ள வேண்டியிருந்தது போலும்.

படி 3: காலை வெளிச்சத்தை முதல் கடமையாக வையுங்கள்

எல்லாப் படிகளிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: விடிந்த பிறகு, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அரை மணி நேரம் வெளியே இருங்கள். வானம் மூடியிருந்தாலும் சரி.

"மேகம் கவிந்திருக்கும்போது போய் என்ன பயன்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பதிலை நீங்களே அளந்து பார்க்கலாம். வெளிச்சத்தை லக்ஸ் அளவில் காட்டும் செயலிகள் கைப்பேசிக்குக் கிடைக்கின்றன. துல்லியம் சுமார்தான்; ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். குளிர்காலக் காலையில், நன்றாக விளக்கெரியும் அறையின் நடுவில் மேசைமீது கைப்பேசியை மல்லாக்க வையுங்கள்: 200, 300 என்று காட்டும். ஜன்னலோரம் கொண்டுபோனால் சில மடங்கு ஏறும். கதவைத் திறந்து, சாம்பல் நிற வானத்தின் கீழ் நீட்டுங்கள். ஆயிரங்களுக்குத் தாவிவிடும். நம் கண் எல்லாவற்றுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை பிரகாசமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறோம். உடல் கடிகாரத்தின் கணக்கில் அது அந்திப் பொழுது.

நடைமுறையில் இதற்கு வழி பல. அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடக்கலாம். விடிவதற்கு முன்பே வேலைக்குப் போக வேண்டியவர்கள், முதல் இடைவேளையை வெளியே கழிக்கலாம். மதிய உணவு இடைவேளையில் இருபது நிமிடம் நடந்தால், கடிகாரத்தைத் திருத்துவதில் காலை வெளிச்சம் அளவுக்கு உதவாவிட்டாலும் மந்தம் தெளியும். தொலைபேசியில் பேச வேண்டிய அலுவல்களை நடந்துகொண்டே பேசலாம். தரையில் புதுப்பனி கிடந்தால் கூடுதல் நல்லது. விழும் ஒளியில் பெரும்பகுதியை அது திருப்பி மேலே அனுப்பிவிடும்.

வெளிச்சத்துக்கு மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு நார்வேயின் ருக்கன் நகரம் சாட்சி. ஆழமான பள்ளத்தாக்கில் இருக்கும் அந்த ஊரில் செப்டம்பர் முதல் மார்ச் வரை நேரடி வெயில் விழுவதில்லை. ஊர்மக்கள் மேலே போய்ச் சூரியனைப் பார்த்துவரட்டும் என்று 1928-இல் கம்பிவட ஊர்தி ஒன்றை அமைத்தார்கள். 2013-இல் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, அவற்றைச் சூரியனைத் தொடர்ந்து திரும்பச் செய்து, ஊர்ச் சதுக்கத்தில் வெயிலை விழவைத்தார்கள். அதோடு ஒப்பிட்டால் நாம் இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்குவது பெரிய பாடு இல்லை.

படி 4: ஒளிச் சிகிச்சை விளக்கு: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

விடிவதற்கு முன் எழ வேண்டியவர்களுக்கும், வெளியே போக வாய்ப்பில்லாதவர்களுக்கும் செயற்கை வெளிச்சம்தான் வழி. தொடக்ககால ஆய்வுகளில் 2,500 லக்ஸ் விளக்கின் முன் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது 10,000 லக்ஸ், அரை மணி நேரம், எழுந்த ஒரு மணி நேரத்துக்குள்.

பெட்டியில் 10,000 லக்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எவ்வளவு தூரத்தில் அந்த அளவு என்பதையும் தேடிப் படியுங்கள். தூரம் கூடக் கூட வெளிச்சம் மளமளவென்று குறையும். உள்ளங்கை அகல விளக்குகள் சில, முகத்தை ஒட்டி வைத்தால்தான் அந்த அளவைத் தரும். அப்படி அரை மணி நேரம் யாராலும் உட்கார முடியாது. ஒரு முழம் தள்ளி வைத்தும் போதிய வெளிச்சம் தரும் அகலமான விளக்காகப் பாருங்கள். புற ஊதாக் கதிர்களை வடிகட்டுவதாக இருக்க வேண்டும். தோலைக் கறுக்கவைக்கும் விளக்குகளும் வைட்டமின் டி-க்கான விளக்குகளும் வேறு வகை. அவற்றை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

விளக்கை நேராக முகத்துக்கு எதிரே வைக்க வேண்டாம். பார்வைக்குச் சற்று மேலேயோ பக்கவாட்டிலோ வைத்துவிட்டு, காலை உணவைச் சாப்பிடுங்கள், செய்தி படியுங்கள். கண் திறந்திருக்க வேண்டும். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும். தலைவலியோ கண்ணெரிச்சலோ வந்தால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பயன்படுத்தினால் தூக்கம் தள்ளிப்போகும். "காலையில் முடியவில்லை, ராத்திரி போட்டுக்கொள்கிறேன்" என்பது இருக்கும் சிக்கலைப் பெரிதாக்கும் வேலை.

மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த வெளிச்சம் மிகையெழுச்சியை, அதாவது கட்டுக்கடங்காத உற்சாக நிலையை, தூண்டிவிடக்கூடும். விழித்திரை நோய் உள்ளவர்கள், ஒளிக்கூச்சத்தை உண்டாக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் (சில நுண்ணுயிர்க்கொல்லிகள் அந்த வகை) ஆகியோரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அலாரத்துக்கு முன் அரை மணி நேரம் மெல்ல மெல்லப் பிரகாசமாகும் விடியல் விளக்குகளும் உண்டு. எழுவதை அவை எளிதாக்கும். முழுச் சிகிச்சை விளக்குக்கு மாற்றாக நான் அவற்றைச் சொல்ல மாட்டேன், துணையாக வைத்துக்கொள்ளலாம்.

படி 5: எழும் நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்

குளிர்காலத்தில் கூடுதலாகத் தூங்க உடல் கேட்கும். கொஞ்சம் கொடுக்கலாம், ஆனால் அதை இரவின் தொடக்கத்தில் கொடுங்கள். சீக்கிரம் படுப்பதில் தவறில்லை. சனிக்கிழமை பதினொரு மணிவரை படுத்துக் கிடந்தால், கிடைக்கும் எட்டு மணி நேரப் பகலில் மூன்று மணி நேரம் போர்வைக்குள்ளேயே போய்விடும். உடல் கடிகாரமும் பின்தங்கும். திங்கட்கிழமை காலை அதன் பலனைக் காட்டும். வாரநாளுக்கும் விடுமுறை நாளுக்கும் எழும் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு வேண்டாம்.

மாலையில் நிலைமை தலைகீழ். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தலைக்கு மேலுள்ள வெள்ளை விளக்குகளை அணைத்துவிட்டு, தாழ்வான மஞ்சள் விளக்குகளுக்கு மாறுங்கள். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது என்பதற்காக ஐந்து மணியிலிருந்தே மங்கலில் உட்கார வேண்டாம். ஏழெட்டு மணிவரை வீடு பளிச்சென்று இருக்கட்டும். மின்கட்டணத்தை நினைத்து ஒரே ஒரு விளக்கின் கீழ் முடங்கிக் கிடப்பவர்கள் உண்டு. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் இழுக்கும் மின்சாரம், வெப்பமூட்டி இழுப்பதன் முன் ஒன்றுமே இல்லை. அந்தச் சிக்கனத்தை வேறு எங்காவது காட்டலாம்.

மதுவைப் பற்றி ஒரு வரி: இருட்டிய மாலைகளில் அது சீக்கிரம் உறங்கவைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

கடிகார மாற்றத்தையும் மறக்க வேண்டாம். ஐரோப்பாவில் அக்டோபரின் கடைசி ஞாயிறு, அமெரிக்கா, கனடாவின் பெரும்பகுதியில் நவம்பரின் முதல் ஞாயிறு. ஒரே இரவில் மாலை ஒரு மணி நேரம் சுருங்கிவிடுவதால் அந்த வாரம் பலருக்கு அடி விழுந்ததுபோல் இருக்கும். அந்த வார மாலைகளுக்கு முன்கூட்டியே ஏதாவது ஏற்பாடு செய்துவையுங்கள். கூடவே, அந்த மாற்றத்தால் காலை ஒரு மணி நேரம் முன்னதாக விடியும் என்பதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்குக் காலை நடை மறுபடி சாத்தியமாகும்.

படி 6: உடை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடலை ஒட்டிக் கம்பளியோ செயற்கை இழையோ. பருத்தி வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு குளிரவைக்கும். அதன்மேல் சூடு தாங்கும் அடுக்கு. வெளியே காற்றும் நீரும் புகாத அடுக்கு. காலணியின் அடிப்பாகம் வழுக்காததாக இருக்கட்டும். இருட்டில் நடப்பவர்கள் ஒளியைத் திருப்பும் பட்டையைக் கையிலோ பையிலோ மாட்டிக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் செப்டம்பரில் போட்டுப் பாருங்கள். கிழிந்த கையுறை காலை நடைக்கு மிக நல்ல சாக்கு. அந்தச் சாக்கை முன்கூட்டியே பறித்துவிடுவதுதான் நோக்கம்.

படி 7: வைட்டமின் டி: எதற்கு உதவும், எதற்கு உதவாது

உயர்ந்த அட்சரேகைகளில் குளிர்கால வெயில் தாழ்வாக வருவதால், தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான கதிர்கள் போதிய அளவில் தரையை எட்டுவதில்லை. ஜன்னல் கண்ணாடியும் அவற்றைத் தடுத்துவிடும். பிரிட்டனின் பொதுச் சுகாதார ஆலோசனை, இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் அனைவரும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 சர்வதேச அலகு (IU), எடுத்துக்கொள்வதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. கருமையான தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் அதைப் பரிசீலிக்கலாம் என்பதும் அதே ஆலோசனை. தோலின் நிறமி அந்தக் கதிர்களை மறைக்கிறது. நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வரியில்தான் வருகிறோம். பெரியவர்கள் நாளுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது.

இது எலும்புக்கும் தசைக்கும் வேண்டியது. மனத்தை இது தூக்கி நிறுத்தும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும் சான்று வலுவாக இல்லை. 2020-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 50 வயதைத் தாண்டிய 18,000-க்கும் அதிகமானோரில் ஒரு பாதிக்கு வைட்டமின் டி-யும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஐந்து ஆண்டுகளாகப் பின்தொடர்ந்தார்கள். மனச்சோர்வு வருவதில் வேறுபாடு இல்லை. மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள், அதை விழுங்கிவிட்டதால் காலை நடை தேவையில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

படி 8: ஜனவரியையும் பிப்ரவரியையும் இப்போதே நிரப்புங்கள்

டிசம்பரைக் கொண்டாட்டங்கள் தூக்கிப் பிடித்துவிடும். பள்ளம் அதற்கு அப்புறம். ஜனவரி 2-லிருந்து பிப்ரவரி இறுதிவரை நாட்காட்டியைத் திறந்து பாருங்கள். பலருக்கு அது வெறிச்சென்று கிடக்கும். செப்டம்பரில் தெம்போடு இருக்கும் நீங்கள்தான், தெம்பற்று இருக்கப்போகும் பிப்ரவரி மனிதருக்காக அதை நிரப்ப வேண்டும்.

நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் வாக்குறுதிகள் இருட்டில் நிற்காது. "வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி செய்வேன்" என்ற தீர்மானம் முதல் மழைக்கே கரைந்துவிடும். செவ்வாய்தோறும் ஆறு மணிக்கு ஒருவர் வாசலில் காத்திருப்பார் என்றால் போயே ஆக வேண்டும். ஆகவே இன்னொருவர் சம்பந்தப்பட்டதாக ஏற்பாடு செய்யுங்கள்: முன்பணம் கட்டிய வகுப்பு, நண்பரோடு நீச்சல், குழுவாகப் பாட்டு, பூப்பந்து, தன்னார்வப் பணி. எதுவாகவும் இருக்கலாம். வாரத்தில் இரண்டு மாலைகள் போதும். ஏழு நாளும் நிரப்பினால் பிப்ரவரியில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கைவிடுவீர்கள்.

வீட்டுக்கு வந்த முதல் பத்து நிமிடத்தில் எச்சரிக்கையாக இருங்கள். அங்கியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவத் தொடங்கினால், நிமிர்ந்து பார்க்கும்போது மணி ஒன்பது; விளக்குகூடப் போட்டிருக்க மாட்டோம். வெளியே போக வேண்டிய நாட்களில் வீட்டுக்கு வராமல் நேராகப் போய்விடுங்கள். வீட்டில் இருக்கும் நாட்களில் கதவைத் திறந்ததும் எல்லா விளக்குகளையும் போடுங்கள், உடை மாற்றுங்கள், கையால் செய்யும் ஒரு வேலையைத் தொடங்குங்கள். உட்காருவதெல்லாம் அதன் பிறகு. நேரம் சொன்னால் தானாக எரியும் விளக்குச் சொருகிகள் மலிவாகக் கிடைக்கின்றன. திரும்பி வரும்போது வீட்டில் வெளிச்சம் இருப்பது, நம்பமாட்டீர்கள், பெரிய ஆறுதல்.

விடுமுறையைக் கோடையிலேயே மொத்தமாகக் கரைத்துவிடாமல், சில நாட்களை ஜனவரி இறுதிக்கு ஒதுக்கி வையுங்கள். வெயிலுள்ள இடத்துக்குப் போக வசதியிருந்தால் போகலாம். இல்லாவிட்டால், ஒரு புதன்கிழமை பகலை முழுதாக வெளியில் கழிக்கவாவது அது உதவும்.

படி 9: முன்கலக்கத்தை என்ன செய்வது

"இந்தக் குளிர்காலமும் என்னை அடித்துப்போட்டுவிடும்" என்ற நினைப்பு வரும்போது அதோடு வாதாட வேண்டாம். அதைச் சோதனைக்கு உட்படுத்துங்கள். சென்ற குளிர்காலத்தில் ஒரு நாளாவது நன்றாகப் போனதா? அன்று என்ன செய்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள்? அதையே இந்த முறை திட்டமாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

இதை முறையாகச் செய்யும் சிகிச்சை இருக்கிறது. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் கெல்லி ரோகன், பருவகால மனச்சோர்வுக்கென அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் பேச்சுச் சிகிச்சை) ஒன்றை வகுத்து, ஒளிச் சிகிச்சையோடு ஒப்பிட்டார். ஆறு வார முடிவில் இரண்டும் சமமாகவே உதவின. ஆனால் இரண்டு குளிர்காலங்கள் கழித்துப் பார்த்தபோது, ஒளிச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 46 சதவீதத்தினருக்குச் சோர்வு திரும்ப வந்திருந்தது. பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 27 சதவீதத்தினருக்கு. விளக்கை மறுவருடம் போடாமல் விட்டுவிடலாம், கற்றுக்கொண்டதை மறப்பது கடினம் என்பதுதான் இதற்கு நான் தரும் விளக்கம். இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

மனப்பாங்கு பற்றிய இன்னொரு ஆய்வு. கேரி லெய்போவிட்ஸ் என்ற உளவியலாளர் ட்ரொம்சோவில் தங்கி, குளிர்காலத்தை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்தார். நார்வேயில் வடக்கே போகப் போக, அதாவது இருட்டு கூடக் கூட, குளிர்காலத்தைப் பற்றிய பார்வை நல்லவிதமாக இருந்ததைக் கண்டார். இதை நாம் "மனம்போல் வாழ்வு" என்று சுருக்கிவிடக் கூடாது. அந்த ஊர்களில் ஒளியூட்டிய பனிச்சறுக்குப் பாதைகள் உண்டு, இருட்டிலும் வெளியே போகும் பழக்கம் உண்டு, எல்லோரும் சேர்ந்தே அந்த இருட்டில் இருக்கிறார்கள். மனப்பாங்கு ஏற்பாட்டிலிருந்து பிறந்ததா, ஏற்பாடு மனப்பாங்கிலிருந்தா என்று நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஏற்பாடுதான் நம் கையில் இருக்கிறது.

இன்னொரு சின்ன விதி: வானிலை பற்றிய புலம்பலுக்கு அளவு வையுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஆறுதல். அதன் பிறகு ஒருவரை ஒருவர் இறக்கிவிடுகிறோம்.

படி 10: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

குளிர்காலத்தில் சற்று மந்தமாக இருப்பது வேறு, பருவகால மனச்சோர்வு வேறு. எவ்வளவு தூங்கினாலும் தீராத தூக்கம், மாவுப்பொருளுக்கும் இனிப்புக்கும் அடங்காத ஆசை, எடை கூடுதல், கைகால் ஈயமாகக் கனத்தல், பிடித்த எதிலும் நாட்டமின்மை, மனிதர்களை விட்டு ஒதுங்குதல் ஆகியவை சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் போய்ப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளாகவாவது அதே பருவத்தில் வந்து வசந்தத்தில் விலகுகிறதா என்பதை மருத்துவர் கேட்பார். படி 1-இல் எழுதிய தாள் அப்போது கைகொடுக்கும். தைராய்டு குறைபாடும் இரும்புச் சத்துக் குறைவும் இதே முகத்தோடு வரும். ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். மருந்துகளும் உண்டு. புப்ரோபியான் என்ற மருந்தின் மெதுவாக வெளியாகும் வடிவத்தை, பருவகாலச் சோர்வு வராமல் தடுப்பதற்கென்று 2006-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது. இலையுதிர்காலத்திலேயே தொடங்க வேண்டிய மருந்து அது. ஆகையால் ஆண்டுதோறும் விழுந்து எழுபவர்கள், விழுவதற்கு முன்பே மருத்துவரைச் சந்திப்பது நல்லது.

வாழ்ந்து பயனில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலே வசந்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரையோ, உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணையோ அழையுங்கள். பக்கத்தில் யாரையாவது இருத்திக்கொள்ளுங்கள்.

படி 11: மார்ச்சில் ஏமாந்துவிடாதீர்கள்

பிப்ரவரி நடுவிலிருந்து வெளிச்சம் விரைந்து திரும்பும். அப்போது எல்லா ஏற்பாடுகளையும் விட்டுவிடத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். அமெரிக்கா, கனடாவின் பெரும்பகுதியில் மார்ச்சின் இரண்டாம் ஞாயிறும், ஐரோப்பாவில் மார்ச்சின் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். மாலை நீளும் மகிழ்ச்சியில், காலை மறுபடி இருண்டுவிட்டதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு வாரம் காரணம் தெரியாத சோர்வோடு அலைவார்கள். ஆகவே ஒளி விளக்கு அந்த ஞாயிறு தாண்டி இரண்டு வாரமாவது மேசைமீது இருக்கட்டும். அதற்குள் அந்தக் குளிர்காலத்தில் எது உதவியது, எது வீண் செலவு, எந்த வாரம் மிக மோசம் என்று அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி, விளக்கின் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.